ஊர் என்னும் பெயரை எங்கே தேடுவது?

மன்னார்க் கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் தொழிலாளி ஒருவர் 'கச்சான்' என்று சொன்னால் அது மேற்கிலிருந்து வீசும் காற்றைக் குறிக்கும். அதே சொல்லை மன்னார் பஸ் நிலையத்தில் ஒரு சிறுவன் கூவினால் அது வறுத்த நிலக்கடலையைக் குறிக்கும். கேட்போர் எவரும் குழம்புவதில்லை. சொல் ஒலிக்கும் இடமே அதன் பொருளைத் தெரிந்து தந்துவிடுகிறது. 'அக்கரை' என்ற சொல்லும் இத்தகையதே. தலைமன்னாரில் நிற்பவருக்கு அக்கரை தனுஷ்கோடி. தனுஷ்கோடியில் நிற்பவருக்கு அக்கரை தலைமன்னார். இடையிலுள்ள கடல் ஒன்றே, சொல்லும் ஒன்றே, பொருள் மாத்திரம் நிற்குமிடத்துக்கேற்ப இடம் மாறுகிறது.

ஆனால் எல்லாச் சொற்களும் இவ்வாறு நிற்குமிடத்துக்குக் கட்டுப்படுவதில்லை. சில சொற்கள் தாம் பிறந்த இடத்தைத் தம்முடனேயே சுமந்து திரிகின்றன. எங்கே ஒலித்தாலும் அவை பழைய இடத்திலேயே பொருளைத் தேடுகின்றன. 'ஊர்' என்பது அத்தகைய சொல் என்பதை எனக்கு உணர்த்தியது இலக்கண நூலன்று. நான் எழுதிய கணினிச் செய்நிரல் ஒன்றிலே நேர்ந்த பிழை. அப்பிழையின் வரலாறே இக்கட்டுரை.

நான் கலைப்பீடத்தில் மொழியியல் பயிலும் மாணவி. இறுதியாண்டு ஆய்வுக்காக, மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த முதியவர்களிடம் கடல்சார் சொற்களைச் சேகரித்து வந்தேன். காற்றின் பெயர்கள், வலையின் உறுப்புகள், மீனின் பருவங்கள், நீரோட்டத்தின் வகைகள் என அவர்களிடம் செல்வம் ஏராளம். ஒலிப்பதிவுகளிலிருந்து எழுதிய சொற்கள் பெருகியபோது அவற்றை ஒழுங்குபடுத்தக் கையும் கடதாசியும் போதாவாயின. பொறியியற் பீடத்து நண்பர் ஒருவர் குரூவி என்ற மொழியைக் கற்றுத் தந்தார். எமது துறையிலிருந்த பழைய கணினியில் ஜாவா இருந்தமையால் இதுவும் அதிலே ஓடும் என்றார். பெயர்களைத் தமிழெழுத்திலேயே இடலாம் என்பது எனக்குப் பெருங்கவர்ச்சியாயிற்று. கலைப்பீடத்தார்க்குக் கணினி மொழி எதற்கு என்று கேட்ட தோழியர் இருந்தனர். மொழி என்று பெயர் பெற்றது எதுவாயினும் அதிலே பெயர் உண்டு, பெயருக்குப் பொருள் உண்டு, பொருளைக் கண்டடையும் முறையும் உண்டு என்பதே அவர்களுக்கு நான் கூறும் விடை.

குரூவியை 2003ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஸ்ட்ராக்கன் அறிமுகஞ் செய்தார். அதன் முதலாவது முழுமையான வெளியீடு 2007 ஜனவரியில் வந்தது. 2015இல் அது அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் திட்டங்களுள் ஒன்றாயிற்று. பெயர்களின் பொருளை முன்கூட்டியே முடித்துவைக்காது, செய்நிரல் ஓடுகின்ற வேளையில் தேடித் தீர்மானிக்கும் இயல்பு இம்மொழிக்கு உண்டு. இதனாலேயே இதனை இயங்குநிலை மொழிகளின் வரிசையிற் சேர்ப்பர்.

இம்மொழியில் 'குளோஷர்' என்றொன்று உண்டு. வளைவடைப்புக்குள் எழுதப்படும் சில கட்டளைகளின் தொகுதியே அது. அத்தொகுதியை எழுதிய இடத்திலேயே செய்து முடிக்க வேண்டியதில்லை. ஒரு பண்டத்தைப் போல எடுத்துச் சென்று வேறோரிடத்திற் கொடுத்து அங்கே செய்விக்கலாம். கட்டளைகளோடு, அவை எழுதப்பட்ட சூழலும் அதிலே முடியப்பட்டிருக்கும். ஆதலால் இதனை நான் 'பொதி' என்றே வழங்க விரும்புகிறேன். பயணம் போகிறவர் கட்டிச் செல்லும் பொதியில் துணிமணிகளோடு வீட்டின் வாசனையும் போவதில்லையா, அதுபோல.

இக்கருத்துப் புதியதன்று. ஜோன் மக்கார்த்தி 1960இல் லிஸ்ப் மொழியை உலகுக்கு விளக்கிய காலந்தொட்டே ஒரு வினா அறிஞரை அலைக்கழித்தது. ஒரு செயற்கூறு ஓரிடத்தில் எழுதப்பட்டு வேறோரிடத்தில் அழைக்கப்படும்போது, அதனுள்ளே வரும் பெயர்களுக்கு எவ்விடத்திற் பொருள் தேடுவது? எழுதப்பட்ட இடத்திலா, அழைக்கப்பட்ட இடத்திலா? தொடக்கக் கால லிஸ்ப் அழைக்கப்பட்ட இடத்திலேயே தேடிற்று. பீற்றர் லண்டின் 1964இல் எழுதிய கட்டுரையொன்றில், கட்டளையையும் அது பிறந்த சூழலையும் சேர்த்து முடிந்த ஒன்றுக்குக் 'குளோஷர்' என்று பெயரிட்டார். 1975இல் சஸ்மனும் ஸ்ரீலும் ஆக்கிய ஸ்கீம் என்னும் மொழி, பிறந்த சூழலிலேயே பொருள் தேடுவதை நெறியாகக் கொண்டது. பிறந்த இடமா, நிற்கும் இடமா என்ற இவ்வழக்கு இரு தலைமுறைக் கணினி அறிஞரின் வழக்கு. எங்கள் குடும்பத்திலும் அது மூன்று தலைமுறையாக நடக்கிறது. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

குரூவியின் சிறப்பு யாதெனில், இவ்வழக்கை ஒரு பக்கத்துக்கு முற்றாகத் தீர்க்காமல் இரு தரப்பினரையும் பொதிக்குள்ளே அமர்த்தியமையாகும். ஒவ்வொரு பொதியிலும் மூன்று சுட்டுகள் உள. முதலாவது, பொதி எழுதப்பட்ட வகுப்பின் பொருளைக் குறிக்கும் 'திஸ்' என்னுஞ் சுட்டு. இரண்டாவது 'ஓனர்', அதாவது உடையவர். பொதியை நேரடியாகச் சூழ்ந்து நிற்பவர் எவரோ அவரே உடையவர். ஒரு பொதிக்குள் இன்னொரு பொதி எழுதப்பட்டிருப்பின் உட்பொதிக்கு வெளிப்பொதியே உடையவர். மூன்றாவது 'டெலிகேட்', அதாவது பிரதிநிதி. பொதி சென்று சேர்ந்த இடத்தில் அதற்காக விடைசொல்லும் பொறுப்பை ஏற்பவர். வேறொருவரை நியமிக்காதவரை உடையவரே பிரதிநிதியாகவும் இருப்பார். பிரதிநிதியை எப்போது வேண்டுமாயினும் மாற்றலாம். உடையவரையோ அவ்வாறு மாற்ற இயலாது; அது பிறப்போடு எழுதப்பட்டது.

இனி, பொதிக்குள்ளே ஒரு செயல்முறையைப் பெயர் மாத்திரம் சொல்லி அழைத்தால் என்ன நிகழும்? யாரிடத்து அப்பெயர் என்பது சொல்லப்படவில்லை. எனவே தேடல் தொடங்கும். முதலில் உடையவரிடம் அப்பெயருடைய செயல்முறை உண்டா என்று கேட்கப்படும். உண்டெனில் அதுவே செய்யப்படும். பிரதிநிதியிடம் எவரும் கேட்பதில்லை. இல்லையெனில் மாத்திரமே வினா பிரதிநிதியிடம் செல்லும். அங்கும் இல்லையாயின், 'அப்படியொரு செயல்முறை இல்லை' என்ற முறைப்பாட்டுடன் செய்நிரல் நின்றுவிடும். 'உடையவர் முதல்' என்னும் இவ்வொழுங்கே குரூவியின் இயல்பான ஒழுங்கு. விரும்பினால் அதனைப் 'பிரதிநிதி முதல்' என்று மாற்றலாம். 'உடையவர் மட்டும்', 'பிரதிநிதி மட்டும்' என்று குறுக்கலாம். இருவரையும் விலக்கிப் பொதி தன்னிடமே தேடுமாறும் பணிக்கலாம். ஆக ஐந்து ஒழுங்குகள்.

இங்கு ஒரு விலக்கைக் குறிப்பிடல் வேண்டும். பொதி எழுதப்பட்ட இடத்தில் அதன் அருகிருந்த உள்ளூர் மாறிகளை இத்தேடல் தீண்டுவதில்லை. அவை பொதியோடு முன்னரே முடியப்பட்டுவிட்டன. எந்தப் பிரதிநிதியை அமர்த்தினாலும், எந்த ஒழுங்கைக் கொண்டாலும் அவற்றின் பொருள் மாறாது.

பிரதிநிதி என்று ஒருவரை ஏன் அமைத்தார்கள் என வாசகர் வினவலாம். கைத்தொலைபேசிச் செயலிகளைக் கட்டியமைக்கப் பயன்படும் கிரேடில் என்ற கருவி இதற்கு நல்ல உதாரணம். அதன் அமைப்பேடுகள் நெடுங்காலம் குரூவியிலேயே எழுதப்பட்டன. அவற்றில் எழுதுபவர் ஒரு தலைப்பையும் அதன்கீழே ஒரு பொதியையும் இடுவார். பொதிக்குள் வரும் சொற்கள் அவருக்கு உரியவையல்ல. கருவியானது தகுந்த பிரதிநிதியை அமர்த்தி அச்சொற்களுக்குப் பொருள் தருகிறது. அதனால் எழுதுபவர் சில சொற்களிலேயே தம் கருத்தை முடித்துவிடலாம். ரூபி என்னும் மொழியிலும் இதனையொத்த வசதி உண்டு. ஆயின் அங்கே புதிய இடம் பழைய இடத்தின் ஆசனத்தையே எடுத்துக்கொள்கிறது. பெயர் மாத்திரம் சொல்லி அழைக்கும் செயல்முறைகள் புதியவரிடமே தேடப்படும். அவரிடம் இல்லையெனப் பழையவரிடம் திரும்பிச் செல்லும் பாதை கிடையாது. குரூவி மாத்திரம் இருவரையும் வைத்துக்கொண்டு, யாரை முதலிற் கேட்பது என்பதை ஒரு முறைமையாக்கிற்று.

இவ்வளவையும் நான் முறையாகக் கற்ற பின்னர் எழுதத் தொடங்கியிருந்தால் இக்கட்டுரைக்கு இடமிருந்திராது. நான் பாதி அறிவோடு தொடங்கினேன். ஆய்வின் முதற்கட்டத்தில் எருக்கலம்பிட்டியில் இருப்போரிடம் மாத்திரமே சொற்களைச் சேகரித்தேன். எனவே செய்நிரலின் தலைப்பில் 'ஊர்' என்றொரு செயல்முறையை எழுதி, அது எப்போதும் 'எருக்கலம்பிட்டி' என்றே விடைதருமாறு செய்தேன். பின்னர், புத்தளம் மாவட்டத்தில் வாழும் எருக்கலம்பிட்டியாரிடமும் சொற்கள் சேர்ந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆவணம் அமைத்து, ஒவ்வோர் ஆவணத்திலும் 'சொல்' என்றும் 'ஊர்' என்றும் இரு செயல்முறைகள் வைத்தேன். முன்னது அவர் தந்த சொல்லையும் பின்னது பதிவு நடந்த இடத்தையும் தரும். கடைசியாக ஒரு பொதியை எழுதினேன். அதன் பணி மிகச் சிறியது. சொல்லைக் கேட்டு எழுது, ஊரைக் கேட்டு எழுது. அப்பொதியை ஆவணம் ஆவணமாகக் கொண்டுசென்று, ஒவ்வோர் ஆவணத்தையும் அதன் பிரதிநிதியாக அமர்த்தி ஓடவிட்டேன்.

பட்டியல் வந்தது. சொற்கள் சரியாக இருந்தன. ஆனால் எல்லா வரியிலும் ஊர் எருக்கலம்பிட்டி. புத்தளத்திற் பதிவு செய்தவை, கற்பிட்டியிற் பதிவு செய்தவை யாவும் எருக்கலம்பிட்டி. செய்நிரல் முறைப்பாடு ஏதும் செய்யாமல் அமைதியாக ஓடி முடிந்திருந்தது. இரண்டு நாட்கள் ஆவணங்களைத் திருத்தித் திருத்திப் பார்த்தேன். அவற்றிலே தவறே இல்லை. ஒரே பொதி, ஒரே பிரதிநிதி. சொல்லை மாத்திரம் சரியாகவும் ஊரை மாத்திரம் தவறாகவும் எவ்வாறு தரமுடியும் என்பதே எனக்கு விளங்கவில்லை.

நண்பர் ஒரே பார்வையிற் கண்டுகொண்டார். பொதியின் உடையவர் செய்நிரல். செய்நிரலில் 'சொல்' என்ற செயல்முறை இல்லை. ஆதலால் அவ்வினா பிரதிநிதியிடம் இறங்கி ஒவ்வோர் ஆவணத்துக்கும் உரிய விடையைப் பெற்றது. 'ஊர்' என்ற செயல்முறையோ செய்நிரலின் தலைப்பிலேயே இருந்தது. நானே எழுதி மறந்தது. உடையவரிடம் விடை கிடைத்துவிட்டமையால் பிரதிநிதியிடம் எவரும் கேட்கவில்லை. ஆவணங்கள் யாவும் தத்தம் ஊரைச் சொல்லக் காத்திருந்தன. அவற்றின் வாயை எவரும் திறக்கவில்லை. "பெயர் இரண்டு இடத்திலும் இருந்தால் பிறந்த இடந்தான் வெல்லும்" என்றார் நண்பர். அவர் கணினியைப் பற்றித்தான் சொன்னார்.

அன்றிரவு, பிழையான பட்டியலை ஒலிப்பதிவுகளோடு ஒப்பிட உட்கார்ந்தேன். முதலாவது பதிவு என் உம்மும்மாவுடையது. புத்தளம் நாகவில்லில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தையிற் பதிவு செய்தது. தொடக்கத்திலே வழக்கமான வினாவை நான் கேட்கிறேன்.

"உங்கட ஊர் எது உம்மும்மா?"

"இதென்ன கேள்வி மகள்? எருக்கலம்பிட்டிதான்."

"இப்ப இருக்கிறது?"

"இப்ப இருக்கிறது நாகவில்லு. நீ ஊரைக் கேட்டியா, இருக்கிற இடத்தைக் கேட்டியா?"

அடுத்த பதிவையும் கேட்டேன், அதற்கடுத்ததையும் கேட்டேன். புத்தளத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்ட முதியவர்கள், ஒருவர் தவறாமல், ஊர் எது என்ற வினாவுக்கு எருக்கலம்பிட்டி என்றே விடை சொல்லியிருந்தனர். நான் பிழையென்று இரண்டு நாட்கள் போராடிய பட்டியல், அவர்கள் வாயாற் சொன்ன விடைகளோடு வரிக்கு வரி பொருந்தியது. கணினி பிழைவிடவில்லை, அது என் உம்மும்மாவைப் போலவே விடை சொல்லியிருக்கிறது.

1990 ஒக்டோபர் மாத இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சில நாள் அவகாசத்திலும், சில இடங்களில் சில மணி நேர அவகாசத்திலும் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்தவர்கள் பெரும்பாலும் வள்ளங்களில் ஏறிக் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். என் உம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. உம்மும்மா வள்ளத்திற் கொண்டுவந்த பொதியைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு சேலை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வீட்டுத் திறப்பு. பூட்டும் கதவும் இல்லாமற் போன பின்னரும் அத்திறப்பு இன்றும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. உள்ளூர் மாறி என்று நான் மேலே குறிப்பிட்டதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எந்த இடம் போனாலும், எவர் பிரதிநிதியானாலும் அதன் பொருள் மாறவில்லை.

புத்தளம் எங்களுக்குப் பிரதிநிதியாயிற்று. இதனை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. உடையவரிடம் விடையில்லாத வினாக்கள் அனைத்துக்கும் விடை தந்தது அந்த மண்தான். தண்ணீர் எங்கே, கூரை எங்கே, பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடம் எங்கே, மருந்து எங்கே என்று கேட்டபோது எருக்கலம்பிட்டியால் மறுமொழி கூற இயலவில்லை. அங்கிருந்த மக்கள் தம் வளவுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இடம் தந்தனர். கிணற்று நீரைப் பகிர்ந்தனர். நாட்கள் ஆண்டுகளாக நீண்டபோது, பகிர்தல் இரு சாராருக்கும் பாரமாயிற்று என்பதும் உண்மை. 'அகதி' என்ற பெயர் எங்கள்மீது நெடுநாள் ஒட்டிக்கிடந்தது. ஆயினும் வினாவுக்கு விடை தருபவர் ஒருவர் இல்லாவிடில் என்ன நிகழும் என்பதைச் செய்நிரல் எழுதுவோர் அறிவர். அவ்விடத்திலேயே யாவும் நின்றுவிடும். எங்கள் வாழ்வு நின்றுவிடாமைக்குக் காரணம் அந்தப் பிரதிநிதியே.

2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னர் சிலர் திரும்பிச் சென்றனர். என் மாமாவும் அவர்களுள் ஒருவர். வேறு சிலர் புத்தளத்திலேயே தங்கினர். பலர் இரண்டிடத்திலும் ஒவ்வொரு காலை வைத்தனர். வாக்காளர் இடாப்பில் பெயர் எங்கே இருக்க வேண்டும், வீட்டுத் திட்டத்துக்கு எவ்விடத்தவராக விண்ணப்பிக்க வேண்டும் என்ற வினாக்கள் குடும்பங்களை அலைக்கழித்தன. எங்கள் வீட்டிலேயே இவ்வொழுங்குகளின் மாதிரிகள் இருந்தன. மாமா 'உடையவர் மட்டும்' என்ற கட்சி. ஊரை விட்டு வேறெதையும் ஊராகக் கொள்வது துரோகம் என்பது அவர் கொள்கை. புத்தளத்திற் கடை வைத்திருக்கும் சின்ன மாமாவோ 'பிரதிநிதி மட்டும்'. போனது போயிற்று, பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள், இதுவே ஊர் என்பார். இருவர் பேச்சையும் பெருநாள் விருந்துகளிற் கேட்டு வளர்ந்தவள் நான். இரண்டு 'மட்டும்'களுக்கும் பொதுவான குறையைச் செய்நிரலே எனக்குக் காட்டித் தந்தது. தேடலைத் தாமே ஓரிடத்தோடு முடித்துக்கொள்வதால், மற்றவரிடம் ஆயத்தமாக இருக்கும் விடைகூட இல்லாத விடையாகிவிடுகிறது.

பட்டியலைத் திருத்தும் வழியை நண்பர் அன்றே சொல்லியிருந்தார். பொதியின் ஒழுங்கைப் 'பிரதிநிதி முதல்' என மாற்றினால் ஒரே வரியில் அலுவல் முடிந்துவிடும். பதிவு நடந்த இடங்கள் தாமே வந்து விழும். அவ்வாறே மாற்றி ஓடவிட்டேன். உம்மும்மாவின் பெயருக்கு நேரே 'நாகவில்லு' என்று வந்தது. அது சரியான விடை. ஆனால் ஒலிப்பதிவில் அவர் குரல் வேறொன்றைச் சொல்கிறது. அவருடைய விடையை அழித்து என்னுடைய விடையை எழுதியது போன்ற ஓர் உறுத்தல் ஏற்பட்டது. எதனை முதலிற் கேட்பது என்பது இயற்கை விதியன்று. எழுதுபவர் செய்யும் தெரிவு. தெரிவு என்றால் அதற்கு ஒருவர் பொறுப்பாளியாக வேண்டும். பிழையான பட்டியலை எனக்குத் தந்தது என் கவனக்குறைவு. ஆனால் சரியான பட்டியலை எவரும் பொறுப்பேற்காமல் என்னிடம் தந்திருந்தால், நான் அதனைக் கேள்வியின்றி ஏற்றிருப்பேன்.

இதனிலும் கடினமான வினா என்னைப் பற்றியது. நான் புத்தளத்திற் பிறந்தவள். எருக்கலம்பிட்டியை முதன்முதலில் எட்டு வயதிற் கண்டேன். அப்படியானால் என் ஊர் எது? பொதிக்குள்ளே பொதி எழுதப்படுவதைப் பற்றி முன்னர்ச் சொன்னேன். உட்பொதிக்கென்று தனியாக ஒரு பிரதிநிதியை நியமிக்காவிடில் அதன் வினா முதலில் வெளிப்பொதியிடம் செல்லும். வெளிப்பொதி தன் உடையவரைக் கேட்கும். அங்கில்லையேல் தன் பிரதிநிதியைக் கேட்கும். எனக்கு உம்மாவே வெளிப்பொதி. உம்மாவின் உடையவர் எருக்கலம்பிட்டி, பிரதிநிதி புத்தளம். நான் 'ஊர்' என்று வினவினால் அது உம்மாவின் வழியாகத் தீவுக்குப் போகிறது. நான் 'பள்ளிக்கூடம்' என்று வினவினால் அதுவும் உம்மாவின் வழியாகவே போய், தீவில் விடையின்றிப் புத்தளத்தில் விடை பெறுகிறது. இரண்டு விடைகளும் எனக்கு உரியன. இரண்டும் உம்மாவின் கையாலேயே எனக்குக் கிடைத்தன. இதனை விளங்கிக்கொண்ட நாளில் மாமாமார் இருவருடைய வாதமும் எனக்கு அரைகுறையாகத் தோன்றிற்று.

உவமைக்கு எல்லை உண்டு என்பதை நான் மறக்கவில்லை. பொதிக்கு நினைவில்லை, நோவில்லை, தன்னைத் தூக்கிச் சென்றவர் யாரென்ற கேள்வியும் இல்லை. குரூவியில் ஒரு பொதியைத் தொலைதூரம் அனுப்பவேண்டின், அதன் உடையவர், பிரதிநிதி, 'திஸ்' ஆகிய மூன்றையும் வெறுமையாக்கிய பிரதியொன்றை எடுக்கும் வழி உண்டு. அச்செயலுக்கு அம்மொழியார் இட்ட பெயரின் பொருள் 'நீர் அகற்றல்'. சேருமிடத்தில் மூன்றையும் மீள இடுவதற்கு 'நீர் ஊட்டல்' என்று பெயர். மன்னாரிற் பிறந்த எவருக்கும் இதனைப் படித்ததும் கருவாடுதான் நினைவுக்கு வரும். உப்பிட்டு வெயிலிற் காயவைத்த மீன் எவ்வளவு தூரமும் போகும். நீரில் ஊறவைத்தால் மெதுமையும் திரும்பும். ஆயினும் ஊறிய கருவாடு கடலுக்குத் திரும்பி நீந்துவதில்லை. நீர் ஊட்டப்படுவதும் பழைய பொதியன்று, அதன் பிரதியே. 1990இற் புறப்பட்டவர்கள் திரும்பிப் போனபோது கண்டதும் இதுவே. ஊர் அங்கேதான் இருந்தது; ஆனால் வீட்டின் சுவரைத் துளைத்து மரம் வளர்ந்திருந்தது; அயலிற் பேச்சுக்கு ஆளில்லை; திரும்பியவரும் புறப்பட்டவரல்லர்.

சென்ற விடுமுறையில் ஆய்வின் கடைசிப் பதிவுகளுக்காக மாமா வீட்டுக்குச் சென்றேன். புத்தளத்திலிருந்து மதவாச்சி சுற்றி மன்னாருக்குப் போகும் நீண்ட பஸ் பயணம். தீவை இணைக்கும் பாலத்தைக் கடக்கையில் இருபுறமும் ஆழமற்ற கடலும் அதனிடையே நிற்கும் பறவைகளும் தெரிந்தன. அருகிலிருந்த மூதாட்டி "எங்க போறீங்க மகள்?" என்று கேட்டார். "ஊருக்கு" என்றேன். சொல்லிய பின்னரே, எவரிடம் விடை தேடி அச்சொல் என் வாயில் வந்தது என்பதை எண்ணினேன். ஒரு கிழமை கழித்து அதே பாலத்தின் வழியாகத் திரும்புகையில் நடத்துநர் எவ்விடத்துக்குச் சீட்டு என்று கேட்டார். "புத்தளம்" என்று இடத்தைச் சொன்னேன். தொலைபேசியில் உம்மா எங்கே வருகிறாய் என்று கேட்டபோது "ஊருக்குத்தான் வந்துகொண்டிருக்கிறன் உம்மா" என்றேன். அதுவும் பொய்யன்று.

செய்நிரலை இப்போது திருத்தி எழுதிவிட்டேன். தேடலின் ஒழுங்கை மாற்றித் தப்பிக்கொள்ளவில்லை. குரூவியில் இன்னொரு வழி உண்டு. பெயரை மாத்திரம் கூறித் தேடலுக்கு விடாமல், யாரைக் கேட்கிறோம் என்பதை வெளிப்படையாக எழுதலாம். 'உடையவரின் ஊர்', 'பிரதிநிதியின் ஊர்' என இரண்டையும் தனித்தனியே அழைக்கலாம். அவ்வாறே செய்து என் பட்டியலுக்கு இரு நிரல்கள் வைத்தேன். மேற்பார்வை செய்யும் விரிவுரையாளர் ஊர் என்பதற்கு ஏன் இரண்டு நிரல் என்று கேட்டார். சொற்களை ஒப்பிட அது அவசியம் என்று விளக்கினேன், அது மெய்தான். தீவில் இன்றும் வழங்கும் சொல் எது, புத்தளத்திற் பேணப்பட்டுத் தீவில் மறைந்த சொல் எது என்பதை அந்த இரண்டு நிரல்களும் சேர்ந்தே காட்டுகின்றன. தீவில் இப்போது எவரும் சொல்லாத காற்றுப் பெயரொன்றை, கடலிலிருந்து தள்ளி இருக்கும் நாகவில்லு விறாந்தையில் உம்மும்மாவிடம் கேட்டேன். ஒரு நிரல் மாத்திரம் இருந்திருந்தால் அச்சொல் எங்கிருந்து வந்தது என்பதே தெரியாமற் போயிருக்கும்.

கணினிக்கு இரு நிரல் வைக்கலாம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் படிவத்தில் 'சொந்த ஊர்' என்பதற்கு நேரே ஒரு கோடுதான் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது என்று உம்மும்மாவிடம் கேட்டேன். அவர் நெடுநேரம் யோசிக்கவில்லை.

"உனக்கு விளங்கினதை எழுது மகள். கேக்கிறவங்களுக்கு விளங்காட்டி, என்னைக் கேக்கச் சொல்லு."